பதினேழு பேரும் நலம் என்று எழுதியது குறித்து

அனுப்புநர்:
திருமதி க்ளெனிஸ் ஹார்ட்டிகன்,
கோதுமைக் கிடங்குச் சாலை, மெரிண்டூல்,
நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாவட்ட சுகாதாரப் பணிகள்.

பொருள்: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கான மனநல ஆலோசகரின் மாதாந்திர வருகை நிறுத்தப்பட்டது – தொலைபேசி விசாரணையில் நான் அளித்த பதிலைத் திருத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது அறுபத்திரண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். நோய் திரும்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தங்கள் அலுவலகத்தில் யாரிடம் பேசினாலும் இதைத்தான் எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள்.

2. இவ்வட்டாரத்தில் சிகிச்சை முடிந்து ஐந்தாண்டுகள் கடந்த பதினேழு பெண்களையும் தொலைபேசியில் விசாரித்ததாகவும், பதினேழு பேரும் நலம் என்று தெரிவித்ததாகவும், ஆகவே ஆலோசகர் மெரின் ஓட்ஸ் இனி வரத் தேவையில்லை என்றும் தங்கள் பிப்ரவரி மாதக் கடிதத்தில் கண்டிருக்கிறது. அந்த விசாரணை நடந்த லட்சணத்தைத் தாங்கள் அறிய வேண்டும்.

3. அழைப்பு வந்தது நவம்பரில், அறுவடை நடுவில். நான் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். வெளியே பதினொரு லாரிகள் நின்றன. ஜன்னலில் ஓர் ஓட்டுநர் சாய்ந்துகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் ஊழியர், "எப்படிம்மா இருக்கீங்க, மனசெல்லாம் சரியா இருக்கா?" என்றார். "நல்லா இருக்கேன், ஒரு குறையும் இல்ல" என்றேன். "ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று காலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் அழுதிருந்தேன்.

4. ஐயா, தாங்களும் இந்த நாட்டில்தானே வளர்ந்தீர்கள்? வறட்சியில் மந்தை முழுவதையும் இழந்தவனைக் கேட்டாலும் "பரவாயில்லப்பா, ஏதோ ஓடுது" என்பான். கை முறிந்தவன் கட்டோடு வந்து நின்று "சும்மா சிராய்ப்புதான்" என்பான். புலம்புகிறவள் என்று பெயர் வாங்குவதுதான் இங்கே பெரிய அவமானம். அப்படிப்பட்ட எங்களிடம் ஒரே தடவை கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதிக்கொண்டீர்கள்.

5. மெரின் அப்படிக் கேட்கமாட்டார். மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை மாதர் சங்கக் கூடத்தில் சந்திப்போம். ஊருக்குச் சொன்னது, ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறோம் என்று. ஆறு ஆண்டுகளில் அந்தப் போர்வை ஒரு முழம்கூட வளரவில்லை. என் கணவர் பாரி இன்றைக்கும், "யானைக்கா தைக்கிறீங்க, இவ்வளவு நாளாகுது?" என்று கேட்கிறார். மெரின் தேநீர் போட்டுக் கொடுத்து, "எப்படி இருக்கீங்க?" என்பார். நல்லா இருக்கோம் என்போம். கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்து, "சரி, இப்ப சொல்லுங்க" என்பார். அப்போதுதான் வரும். முதுகில் சாதாரண வலி வந்தாலும் அது திரும்பிவிட்டதோ என்ற பயம் வரும். கட்டியவன் தொட்டால் உடம்பு கல்லாகிப் போவது வரும். பிழைத்தவள் சந்தோஷமாக இருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொள்வதும் வரும்.

6. பள்ளிப் பேருந்து ஓட்டும் நெரிடா கோய்ல் ஒன்பதாண்டுகளுக்கு முன் சிகிச்சை முடித்தவர். தங்கள் அழைப்பு வந்தபோது பேருந்தை ஓரம் கட்டினார். பின்னால் இருபது பிள்ளைகளின் கூச்சல். அவரும் "ஜம்முனு இருக்கேன்" என்றார். மெரின் வருவது நின்றது. மார்ச்சில் நெரிடாவால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. ஊருக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை வரும் மருத்துவர் மாத்திரை எழுதினார். பேச அவருக்கு நேரமில்லை. தங்கள் உதவி எண்ணில் கேட்டதற்கு, "சிகிச்சை முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கவங்களுக்குத்தாம்மா இது. நீங்கதான் குணமாயிட்டீங்களே" என்றார்களாம். "மன்னிச்சுக்கங்க, தொந்தரவு பண்ணிட்டேன்" என்று நெரிடா வைத்திருக்கிறார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது, ஐயா?

7. மறுநாள் எப்படியோ எழுந்து கிடங்குக்கு வந்து, பேருந்துச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, "இருந்து என்ன பண்ணப் போறேன், க்ளென்?" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு லாரியை எடை போடத் தெரியும். இவரிடம் எதைப் பேசுவது, எதைப் பேசாமலிருப்பது என்று தெரியாது. தப்பாக ஏதாவது சொல்லி அவரை இழந்துவிடுவேனோ என்று நடுங்குகிறேன். இது என் வேலையல்ல, தங்கள் வேலை.

8. ஆகவே மெரின் ஓட்ஸ் இந்த மாதமே திரும்ப வர உத்தரவிடுங்கள். மற்ற பதினைந்து பேரையும் வீட்டில், தனியாக, ஆள் அனுப்பி விசாரியுங்கள். முதல் பதிலைக் கேட்டதும் எழுந்து வந்துவிட வேண்டாம் என்று போகிறவரிடம் சொல்லி அனுப்புங்கள். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே உள்ள 'நலம்' என்பதை அடித்துவிட்டு 'நலமில்லை' என்று எழுதுங்கள்.

9. இம்மனுவை இன்று நெரிடாவுக்குப் படித்துக் காட்டினேன். "என் பேரை எடுத்துடு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். நான் எழுந்து போய் அவர் வீட்டுக் கோப்பைகளையெல்லாம் கழுவி அடுக்கிவிட்டு வந்து மறுபடி கேட்டேன். பேனாவைக் கொடு என்றார்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

க்ளெனிஸ் ஹார்ட்டிகன் – நலமில்லை.
நெரிடா கோய்ல் – நானும்தான்.

இடம்: மெரிண்டூல்
நாள்: 9 மே 2024, இரண்டாம் வியாழக்கிழமை