மேனுவலில் இல்லாத சிவப்பு வயர்

மார்ச் 2

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நான் நலம். துரை நலமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மருந்துக்கடைக்குக் கிளம்பி சாவியைத் திருகினால் ‘டிக்’கென்று ஒரு சத்தம். டாஷ்போர்டில் இருக்கிற அத்தனை விளக்கும் ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தன. துரைக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது, ஒரு காலத்தில் பெரிய மனிதர்களை ஏற்றிப் போன கார், மிடுக்குக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எல்லா வண்டிக்கும் பேட்டரி முன்னால் இருந்தால் இவருக்கு மட்டும் டிக்கிக்குள் இருக்கிறது. பேட்டரி செத்தால் டிக்கியும் திறக்காது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய புத்திசாலி எவனோ செய்திருக்கிறான். நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு மூடியைப் பெயர்த்தால் சாவித் துவாரம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் தன் வண்டியிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுத்தார். “என்னக்கா, துரை மறுபடியும் லீவா?” என்று கிண்டல் வேறு. மூன்றே நாள்தான். வெள்ளிக்கிழமை மறுபடியும் டிக்.

28ஆம் தேதியோடு அந்த ஊரில் உங்கள் லிஃப்ட் மாட்டும் வேலை முடிகிறது. வண்டி ஓடும் நிலையில் இருந்தால் நானே ஓட்டிவந்து உங்களைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா? அதில் மாற்றமில்லை. நீங்கள் கிளம்பிய அன்று சாவியை என் கையில் வைத்து, “எங்க வேணா போ, இனிமே ஒரு கேள்வி கேக்க மாட்டேன்” என்றீர்கள். நான் வேலையில்தான் இருக்கிறேனா என்று நீங்கள் கடைக்கு போன் போட்டு முதலாளியிடம் விசாரித்த அந்த நாளை விழுங்கிக்கொள்ள, இந்தப் பத்து மாதமும் எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் தண்ணீர்.

பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, அதனால் கடிதம் மட்டும் போதும் என்று முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. துரைக்கு என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். பிரஷர் மாத்திரையை ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

உங்கள்
மருந்துக்காரி

மார்ச் 7

என் மருந்துக்காரிக்கு,

உன் கடிதத்தைப் பன்னிரண்டாவது மாடியில், மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு லிஃப்ட் கதவை முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டு படித்தேன். நீ கூட்டிப் போக வருவாய் என்கிற வரியை மட்டும் நான்கு தடவை படித்தேன். கதவு அதற்குள் தானாகவே மூடிக்கொண்டது.

துரையின் நோய் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பேட்டரி கிழடாகிவிட்டது. மாற்று. இருப்பதிலேயே பெரியதாகக் கேள், சின்னதை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஆல்டர்னேட்டர். ஓடும்போது பேட்டரிக்குச் சாப்பாடு போடுவது அதுதான். அதையும் மாற்று. முக்கியமாக இன்னொன்று: கடைக்குப் போகிற ஐந்து நிமிடமும் வியாழக்கிழமை பாலம் தாண்டிப் போகிற இருபது நிமிடமும் அந்தப் பேட்டரிக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விரட்டு.

டிக்கியில் எதையும் கிளறாதே. அங்கே ஏகப்பட்ட வயர் ஓடுகிறது. ஒன்றை இழுத்தால் ஒன்பது வரும்.

இங்கே என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன்.

உன்
லிஃப்ட்காரன்

மார்ச் 13

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

புதுப் பேட்டரி வாங்கினேன். டாக்ஸிக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தோம். மூன்றாம் நாள் டிக். ஓடும்போது ஆல்டர்னேட்டர் பதினான்கு வோல்ட் கொடுக்கிறது, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். அதன் மேல் பழி போடாதீர்கள்.

நோய் என்னவென்று பார்க்காமலே மாத்திரையை மாற்றிக்கொண்டே போகிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். இனி உங்கள் வைத்தியம் வேண்டாம். நீங்கள் அலமாரியில் வைத்துப் போன மேனுவலை எடுத்து உட்கார்ந்தேன். கையேடா அது, தலையணை! ஆனால் விஷயத்தைத் தெளிவாகத்தான் சொல்கிறது. பூட்டிவிட்டுப் போனபின் வண்டி தூங்க வேண்டும். தூங்கும்போது ஐம்பது மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் குடிக்கக் கூடாது. நம் வண்டியில் எதுவோ தூங்காமல் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தால், எதைப் பிடுங்கும்போது மீட்டரில் எண் இறங்குகிறதோ அதுதான் திருடன். மில்லிகிராம் பார்த்தே பழகிய கண்ணுக்கு மில்லி ஆம்பியர் என்ன பிரமாதம்? ஞாயிறு எனக்கு விடுமுறை. அன்றைக்கே செய்துவிடுகிறேன்.

ஒரு பயமும் இருக்கிறது. திருடன் நானாகவே இருக்கலாம். ஏன் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் திட்டுவீர்கள், அதைவிட மோசம், சிரிப்பீர்கள்.

அப்புறம், வியாழக்கிழமை பாலம் தாண்டிப் போவதை எப்போது எழுதினேன்? யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. ஏதோ ஒரு கடிதத்தில் வாய்தவறி எழுதியிருப்பேன் போல.

உங்கள்
மருந்துக்காரி

மார்ச் 16
விரைவு அஞ்சல்

மருந்துக்காரிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். டிக்கியைத் தொடாதே. ஃபியூஸ் எதையும் பிடுங்காதே. இந்த வண்டிகளில் ஒரு ஃபியூஸை மாற்றிச் செருகினால் கம்ப்யூட்டரே போய்விடும், அப்புறம் அதைச் சரி செய்ய ஆள் கிடையாது. டாக்ஸிக்காரரையும் கைவைக்க விடாதே, அவருக்குத் தெரிந்ததெல்லாம் டாக்ஸி. இன்னும் பன்னிரண்டு நாள்தான். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அதுவரை பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தே போய் வா. நீ வண்டியில்தான் வர வேண்டும் என்றில்லை, நானே பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

வியாழக்கிழமையைப் பற்றி நீதான் எழுதியிருந்தாய் என்று நினைக்கிறேன். சரியாக நினைவில்லை.

தயவுசெய்து நான் சொல்வதைக் கேள்.

லிஃப்ட்காரன்

மார்ச் 20

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் விரைவு அஞ்சல் நேற்று முன்தினம் வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டேன். தபால்காரர் எவ்வளவு விரைந்து என்ன?

எப்படிச் செய்தேன் என்று வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் கோபத்தில் எழுதினால் எங்கேயோ போய்விடும். பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை மாட்டினேன். டிக்கி திறந்திருந்தால் வண்டி தூங்காதாம். அதனால் பூட்டு இருக்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவரை விட்டு, மூடியாயிற்று என்று அதை நம்பவைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். மீட்டரில் நானூற்றுப் பத்து. ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில்!

முப்பத்தெட்டு ஃபியூஸையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பார்த்து, அதே இடத்தில் செருகினேன். நானூற்றுப் பத்து அசையவே இல்லை. அப்படியென்றால் ஃபியூஸ் பக்கமே போகாமல், நேராகப் பேட்டரியில் வாய் வைத்து எதுவோ குடிக்கிறது.

தரை விரிப்பைத் தூக்கினேன். பிளஸ் முனையின் அடியில் நூல் போல ஒரு சிவப்பு வயர். மேனுவலில் அது இல்லை, மூன்று முறை பார்த்துவிட்டேன். வயரைத் தொட்டுத் தொட்டுப் போனால் நடுவில் ஒரு ஒட்டு, அதன்மேல் கறுப்பு டேப். டேப்பின் நுனி மடிக்கப்பட்டு ஒரு சின்ன வால். அடுத்த முறை நகம் வலிக்காமல் பிரிக்க. இருபத்தாறு வருடமாக நம் வீட்டு இஸ்திரிப்பெட்டியில், டேபிள் ஃபேனில், அழைப்பு மணியில் அந்த வாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாரும் டேப்புக்கு வால் விடுவதில்லை. அதற்குமேல் போகாமல் கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வயரின் முடிவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி, பச்சை விளக்கு. டாக்ஸிக்காரரிடம் காட்டினேன். “இது வண்டி எங்க போகுதுன்னு போன்ல காட்டுறதுக்கா. எங்க முதலாளி எல்லா டாக்ஸியிலயும் மாட்டிருக்காரு” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். வியாழக்கிழமைகளில் நான் நீச்சல் பழகுகிறேன். பாலத்துக்கு அப்பால் ஒரு குளம் இருக்கிறது, ஐந்திலிருந்து ஆறு மணி வரை பெண்களுக்கு. ஐம்பத்திரண்டு வயதில் மிதவைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை உதைக்கிறேன். “மழைன்னா கூட வாசல்லயே நிப்ப, உனக்கு நீச்சலா?” என்று வருடம் முழுக்கக் கேலி செய்வீர்கள் என்றுதான் சொல்லவில்லை. ஈரத் துண்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி டிக்கியில் போட்டு வருவேன். கவரில் ஓட்டை, தண்ணீர் விரிப்புக்கடியில் இறங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் வண்டியைக் கெடுத்துவிட்டது என்று பயந்தேன். பயந்தது பாதி சரி. பெட்டி நல்ல நிலையில் இருந்தால் இவ்வளவு குடிக்காது என்கிறார் டாக்ஸிக்காரர், நனைந்ததால்தான் கெட்டு இப்படிக் குடிக்கிறதாம். ஆக, என் ஈரமும் உங்கள் சந்தேகமும் ஒரே மூலையில் கிடந்திருக்கின்றன.

எனக்கு வருகிற கோபத்தை எழுதத் தெரியவில்லை. கேள்வி கேட்க மாட்டேன் என்றீர்கள். உண்மைதான், கேட்கவில்லை. சாவியை ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டீர்கள். “எங்க வேணா போ” என்றதும் அன்றைக்கு நான் அழுதேனே, அப்போதும் அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்ததா?

வயரை வெட்டியதும் மீட்டர் முப்பதுக்கு இறங்கியது. துரை இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். பெட்டியை இந்தக் கடிதத்தோடு ஒரே பார்சலில் அனுப்புகிறேன். உள்ளே சொந்தமாக ஏதோ கொஞ்சம் பேட்டரி இருக்கிறது போல, பச்சை இன்னும் மினுக்குகிறது. உங்கள் பொருள், உங்களிடமே இருக்கட்டும். 28ஆம் தேதியைப் பற்றி எனக்கு இப்போது எதுவும் சொல்ல வரவில்லை.

மருந்துக்காரி

மார்ச் 23
விரைவு அஞ்சல்

என் மருந்துக்காரிக்கு,

பார்சல் வந்தது. அது வந்த கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

புதன்கிழமை மதியம் போனைப் பார்த்தேன். ஆமாம், தினமும் பார்ப்பேன், சாப்பிடும் முன் ஒருமுறை, சாப்பிட்டபின் ஒருமுறை. வரைபடத்தில் நம் வீட்டில் நின்ற புள்ளி நகர்ந்து நெடுஞ்சாலையில் ஏறியிருந்தது. இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. வண்டியைச் சரிசெய்துவிட்டாள், எட்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். என் மருந்துக்காரி, வேறு எதுவும் எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை முழுக்கப் புள்ளி பாதி வழியில் ஏதோ ஒரு ஊரில் நின்றுவிட்டது. துரை வழியில் படுத்துவிட்டார், தனியாகத் திண்டாடுகிறாய் என்று தவித்தேன். போன் செய்யப் பத்து முறை எடுத்து வைத்தேன். செய்தால், “நான் வழியில இருக்கேன்னு உங்களுக்கு யார் சொன்னா?” என்று கேட்பாயே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி நகர்ந்தது. இன்று காலை இந்த ஊருக்குள் வந்தது. சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கட்டட வாசலில் நின்றேன். கூட வேலை செய்கிறவர்களிடம், “வீட்டுக்காரி வர்றா” என்று வேறு சொல்லித் தொலைத்தேன். புள்ளி தெருமுனைக்கு வந்தது. திரும்பியது. என் முன்னால் வந்து நின்றது.

தபால்காரர் கையெழுத்துக் கேட்டார்.

உன்னை நம்பாததால் இல்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். நம்பாததால்தான். கடைக்கு போன் போட்டது தப்பு என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்தச் சந்தேகப் புழு சாகவில்லை. பெட்டியை மாட்டினால் செத்துவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வியாழனும் ஐந்திலிருந்து ஆறு வரை புள்ளி அங்கே நிற்கும், இந்தப் பத்து மாதமும் அந்த ஒரு மணி நேரம் நான் எந்த லிஃப்டையும் தொடுவதில்லை, போனையே பார்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். அப்போது நீ பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இப்போது புள்ளி என் கட்டில் மேல் இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே காட்டுகிறது.

வா என்று கேட்க மாட்டேன். கேட்கும் தகுதி இல்லை. பஸ்ஸில் வந்து இறங்குவேன், நீ சொல்கிற இடத்தில் தங்குவேன்.

லிஃப்ட்காரன்

மார்ச் 25
விரைவு அஞ்சல்

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு தபால்காரருக்காக நின்றீர்கள் என்று படித்ததும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுதேன். எல்லாம் உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பாதி எனக்காக.

28 வியாழக்கிழமை. அன்றைக்கு முதல்முறையாகப் பலகை இல்லாமல் ஆழமான பக்கம் இறங்கப் போகிறேன். அதை விட்டுவிட்டு உங்களைக் கூட்டிவர வர மாட்டேன். பஸ்ஸிலேயே வாருங்கள். ஆறு மணிக்குக் குளத்தை விட்டு வெளியே வருவேன், வாசலில் துரை நிற்பார். வழி சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும்.

கேள்வி கேட்க மாட்டேன் என்ற உங்கள் வாக்கைத் திருப்பித் தருகிறேன். எனக்கு அது வேண்டாம். கேளுங்கள். கடைக்காரரிடம் வேண்டாம், பெட்டியிடம் வேண்டாம், என் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து, “எங்க போயிருந்தே?” என்று என்னிடம் கேளுங்கள். பதில் சொல்வதா திட்டுவதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். மறுபடி ஒரு பெட்டியோ ஒரு வயரோ என் கண்ணில் பட்டால், அதற்குப் பிறகு கடிதம்கூட இருக்காது.

சாவி என்னிடமே இருக்கும். நான்தான் ஓட்டுவேன், நீங்கள் பக்கத்தில் உட்காரலாம். துண்டை இனிமேல் டிக்கியில் போடுவதாக இல்லை. வீடு வரும்வரை அது உங்கள் மடியில்தான்.

உங்கள்
மருந்துக்காரி