தலை, கால் என்று இரண்டு கோப்புகள்

அட்டை உறையைப் பிரித்ததும் முதலில் வந்தது ஊதுவத்தி வாசம். இத்தனை வருஷம் கழித்தும் அது போகவில்லை. உள்ளே பழைய வத்திப் பாக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு சிடி. மேலே என் கையெழுத்தில் ஊதுவத்திக் கம்பெனியின் பெயர். நீயும் நானும் சேர்ந்து செய்தோமே, அந்த இணையதளம். வீடு மாற்றுவதற்காக பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தவள், துணிமணியை எல்லாம் கட்டில்மேல் அப்படியே போட்டுவிட்டு, சிடி போட இடமுள்ள பழைய கணினியைத் தேடி எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

பக்கங்கள் திறந்தன. ஆனால் எதிலும் மேலே கம்பெனியின் பெயர் இல்லை, கீழே முகவரி இல்லை. நடுவில் சந்தன வத்தியும் மல்லிகை வத்தியும் அனாதையாகக் கிடந்தன. சிடி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: சர்வர் இல்லாமல் உன் வித்தை நடக்காதே! பத்துப் பன்னிரண்டு பக்கம் பார்த்திருப்பேன். அடுத்ததைத் திறந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. அதில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

மைசூர் மண்டி மொஹல்லாவில் மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் நம் ஆபீஸ். இரண்டு கணினி, ஒரே ஒரு போன் லைன். மிளகாய் மூட்டை இறங்கும் நாளில் தும்மிக்கொண்டேதான் டைப் அடிப்போம். நீ மைசூரிலேயே பிறந்தவள், நர்ஸம்மா மகள், ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பாடுகிறவள். நான் ராமாபுரம் என்ற கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். நான் வாயைத் திறந்தாலே உனக்குச் சிரிப்பு. "ஏனுங்க அம்மணி, சாப்ட்டீங்களா?" என்று என் ஊர்ப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்த வேகத்தில் போயும்விடும்.

தொலைபேசிக்காரர்கள் ஊர் முழுக்க எண்ணுக்கு முன்னால் ஓர் இலக்கம் சேர்த்தார்களே, அந்த வாரம் நினைவிருக்கிறதா? கம்பெனித் தளத்தில் அறுபது பக்கம். அறுபதின் அடியிலும் பழைய எண். ஒவ்வொன்றாகத் திறந்து, திருத்தி, அந்த ஒற்றை லைனில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். நடுவில் யாராவது போன் செய்தால் எல்லாம் அறுந்துபோகும். இரண்டு நாள் ஆயிற்று. அப்படியும் ஒரு பக்கத்தில் நான் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன். ஊதுவத்தி கேட்டவர்கள் எல்லாம் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போன் செய்தார்கள். நீ திட்டவில்லை. மறுநாள் சர்வர்க்காரர்களின் குறிப்புகளை அச்செடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் போட்டாய்.

"சும்னே நூறு வாட்டி எழுதறதேனு டீ? ஒரு வாட்டி எழுதி வெச்சா சாக்கு. சர்வரே எடுத்து ஒட்டிக்கும், நோடு" என்றாய். உன் தமிழில் பாதி கன்னடம்; 'சாக்கு' என்றால் போதும், 'நோடு' என்றால் பார்.

எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மேல்பகுதியை ஒரு கோப்பில் வைத்து அதற்கு 'தலை' என்று பெயர் வைத்தாய். அடிப்பகுதி இன்னொன்று, அது 'கால்'. பக்கங்களில் 'இதை இங்கே சேர்' என்று ஒரே ஒரு வரி. யாராவது பக்கத்தைக் கேட்டால், சர்வர் அந்த வரியைப் பார்த்து, தலையையும் காலையும் கொண்டுவந்து பொருத்தி அனுப்பும். காலில் ஒரு எழுத்தை மாற்றினால் அறுபது பக்கத்திலும் மாறும். அதைப் பார்த்த அன்று நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. நீயோ காலின் கடைசியில், சாய்ந்த சின்ன எழுத்தில், ஆக்கம் என்று போட்டு உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்தாய். "உன் பேரு பின்னாடிதான். மண்டபத்துக்குப் போன் போட வெச்சவ நீ" என்றாய்.

பக்கங்களை ஆளுக்கு முப்பதாகப் பிரித்துக்கொண்டோம். என் பங்கில் விலைப்பட்டியல் இருந்தது. கட்டங்களுக்குள் கட்டமாக நீளும் பக்கம். உன் வரியைப் போட்டாலே கட்டமெல்லாம் கலைந்து கோணிக்கொண்டது. அரைநாள் மல்லுக்கட்டினேன். கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்திருப்பாய். ஆனால் "ஏனுங்க அம்மணி" என்று ஆரம்பிப்பாயே! வீம்பு. தலையிலும் காலிலும் இருந்ததை அப்படியே நகலெடுத்து அந்தப் பக்கத்துக்குள் ஒட்டிவிட்டேன். பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

"எல்லாத்துலயும் போட்டாச்சுங்களா?" என்று கேட்டாய்.

"போட்டாச்சு போ."

"பாத்துக்கோ. ஒண்ணு விட்டாலும் அது ஒரு நாள் காட்டிக் குடுத்துடும்" என்றாய். தெரிந்து சொன்னாயா, பொதுவாகச் சொன்னாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறம் நாலு மாதம்கூட இல்லை. ஊர்த் திருவிழாவுக்கு நான் கிளம்பிய வியாழக்கிழமை உனக்கு லேசான காய்ச்சல். "நிலக்கடலை எடுத்துட்டு வா, வறுக்காதது" என்று படி வரைக்கும் வந்து சொன்னாய். செவ்வாய்க்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டிலிருந்து கடலைப் பையோடு நேராக ஆபீசுக்கு வந்தேன். முதலாளி படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் படியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நிமக்கு யாரும் சொல்லலியாம்மா?" என்றார். "மூளைக் காய்ச்சல்னாங்க. சனிக்கிழமை காலைலே போயிட்டாம்மா. நேத்து மண்ணு கொட்டாச்சு."

எனக்கு எதுவும் புரியவில்லை. "அவ கடலை கேட்டாளுங்க" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேனாம், பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். அழுகை வரவில்லை. மாடிக்குப் போய் உன் கணினியைப் போட்டேன். நீ பாதியில் விட்ட வேலை அப்படியே இருந்தது. கடலைப் பை உன் மேஜைக்கு அடியில் பல நாள் கிடந்தது, எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மூன்றாம் வாரம் முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். ஊதுவத்திக் கம்பெனிக்காரர் போன் செய்திருக்கிறார். "சாமி சாமானம்மா இது. போனவங்க பேரு அதுல பேடான்றாரு. தெகதுபிடு" என்றார். உன் பெயர் வேண்டாமாம், எடுத்துவிட வேண்டுமாம்.

"அவ செஞ்ச பக்கமுங்க அது!" என்று கத்தினேன். கீழே மூட்டை இறக்குகிறவர்களே நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். செய்ய வேண்டியது நான்தான்.

'கால்' கோப்பைத் திறந்தேன். உன் பெயரை அழித்தேன். என் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது, அதையும் அழித்தேன். ஒரே கோப்பு, அன்று பார்த்து லைன் அறுபடவே இல்லை. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அறுபது பக்கத்திலும் நீ இல்லை.

பழைய முறையாக இருந்தால் உன்னை அறுபது தடவை அழித்திருக்க வேண்டும். பத்தாவது பக்கத்தில் என்னால் முடியாது என்று எழுந்து போயிருப்பேன். அவ்வளவு சுலபமாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாய் பாவி! அன்றுதான் அழுதேன். கொஞ்ச நாளில் ஆபீசை மூடியபோது தளத்தை இந்த சிடியில் எழுதி, கம்பெனிக்காரர் கொடுத்த வத்திப் பாக்கெட்டுகளோடு சேர்த்துக் கட்டிவைத்தேன். விலைப்பட்டியலை நான் ஒருதரம்கூட நினைக்கவில்லை.

இன்று அதைத் திறந்தேன். மற்ற பக்கமெல்லாம் மொட்டையாக வந்த இடத்தில், இது மட்டும் தலையோடும் காலோடும் முழுசாக வந்து நின்றது. கடைசி வரியில், சாய்ந்த சின்ன எழுத்தில், உன் பெயர். அடுத்து என் பெயர். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். பிறகு திரைக்குப் பக்கத்தில் போய் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன்.

இப்போது என்னிடம் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். யார் வந்து வேலை முடிந்தது என்றாலும், "எல்லாத்துலயும் போட்டாச்சா?" என்று கேட்பேன். அது உன் கேள்வி என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை என்பதும் தெரியாது.

இல்லடீ. எல்லாத்துலயும் போடல. ஒண்ணுல விட்டுட்டேன்.