பிரித்த ஓடும் போடாத தார்சும்

உ

கருமத்தம்பட்டி
28-6-96

அன்புள்ள அம்மணி சண்முகப்ரியாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நோய் வந்து படுத்திருந்தது நம் வீடு மட்டும்தான். அங்கே பரோடாவில் நீயும் மாப்பிள்ளையும் உள்ளே இருக்கும் சின்ன ஆளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். வாந்தி நின்றதா, வாய்க்கு ஏதாவது பிடிக்கிறதா என்று உடனே எழுது, உன் அம்மா பார்க்கிற பார்வைக்குத் தபால்காரர் சைக்கிளை நம் தெருவுக்குள் விடவே பயப்படுகிறார். எஸ்டிடி பூத்துக்குப் போய்ப் பேசலாம்தான், ஆனால் நான் கூரை என்று ஆரம்பித்ததும் உன் அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொள்வாள், அப்புறம் உனக்கு அழுகைதான் கேட்கும், விஷயம் கேட்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி, சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

விஷயம் இதுதான். ஆவணியில் உனக்குக் கட்டுச்சோறு விருந்து வைத்துத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும், அழைத்து வருகிற வீட்டுக்கோ கூரை இல்லாமல் போயிருந்தது. பிரித்தவன் நானேதான். போன ஐப்பசி மழையில் நாம் படுத்து எழுகிற ஆசாரக் கூடம் முழுக்கக் குண்டாவும் வாளியும் வைத்து நாங்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உன் மாமியார். உன் கல்யாணத்தின்போது சம்பந்தியம்மா நம் ஆசாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓடுங்களா, இருக்கட்டுமுங்க, ஓடுன்னா குளுகுளுன்னு இருக்குமுங்க" என்று சொன்னாரே, அந்த இருக்கட்டுமுங்க என்கிற வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. சுற்றிலும் தறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் காங்கிரீட் போட்டுத் தார்சு வீடு கட்டி மொட்டை மாடியில் மிளகாய் காயப் போடுகிறார்கள், நான் மட்டும் என்ன குறைச்சல் என்று வைகாசி பிறந்ததும் ஆசாரத்து ஓடு அத்தனையும் இறக்கிவிட்டேன். இறக்கியதோடு நின்றேனா, இனி நமக்கு ஓடு எதற்கு என்று உன் மாமன் தம்பிதுரையைக் கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு போய் மாட்டுச் சாளைக்குக் கூரையாகப் போட்டுக்கொள்ளச் சொல்லி வண்டியும் ஏற்றிவிட்டேன். அவ்வளவு பெரிய மனது எனக்கு.

அதற்கப்புறம்தான் கொத்தனார் செங்கோட்டையன் வந்தார். முதலில் கொத்தனாரைக் கேட்டுவிட்டுப் பிறகு ஓட்டை இறக்குவதுதான் உலக வழக்கம், நான் உலகத்தோடு ஒத்துப் போகாதவன். அவர் கரண்டி முனையால் சுவரில் ஒரு குத்துக் குத்தினார், பொலபொலவென்று மண் கொட்டியது. "ஏனுங்க, இது மண்ணுல கட்டுன செவுருங்க, செங்கல்லுக்கு நடுவால சிமிட்டியே இல்லீங்க. ஓட்டைத் தாங்கும், காங்கிரீட்டைத் தாங்காதுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது, கூரை என்பது மேலே ஆரம்பிக்கிற சமாச்சாரம் இல்லை, அடியில் இருக்கும் கடைக்காலில் ஆரம்பிக்கிறது. மேலே எதை ஏற்றுகிறோமோ அந்த எடை சுவர் வழியாக மண்ணுக்கு இறங்க வேண்டும், நடுவில் சுவர் ஒத்துழைக்காவிட்டால் எல்லாமே ஒன்றாக இறங்கிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், தறிக்கூடத்துச் சுவரை நான் நல்ல சிமெண்ட் வைத்துத்தான் கட்டினேன், தறி அடிக்கிற அடியில் ஆடக்கூடாதே என்று. தறிக்குச் சிமெண்ட், நமக்கு மண், இது உன் அப்பன் புத்தி. தார்சுதான் வேண்டுமென்றால் ஆசாரத்து மூலைகளில் ஆளுயரத்துக்குக் குழி தோண்டிக் கம்பி கட்டி பில்லர் எழுப்பி, காங்கிரீட் சுவர் மேல் உட்காராமல் பில்லர் மேல் உட்காரும்படி செய்யலாம் என்றார் செங்கோட்டையன். சரி என்றேன். நாளைக்கே வாரேனுங்க என்று போனவர் ஒரு வாரம் ஆளைக் காணோம், கேட்டால் சோமனூரில் யாருக்கோ பாத்ரூம் கட்டுகிறாராம்.

அந்த இடைவெளியில் உன் மாமன் வந்து சிமெண்ட் சீட்டுக் கூரை போடுங்கள் என்று ஆரம்பித்தான். இரும்புப் பைப்பில் சட்டம் அடித்து மேலே சீட்டை வைத்து போல்ட்டு முடுக்கினால் சீக்கிரம் வேலை முடியும், மண் சுவரும் தாங்கும் என்றான். தாங்கும்தான். ஆனால் நம் தறிக்கூடத்துக்கு மேலே இருப்பதும் அதே சீட்டுத்தானே. அனுபவித்துப் பார்ப்போம் என்று ஒரு மத்தியானம் தறியை நிறுத்திவிட்டு அங்கே பாயைப் போட்டுப் படுத்தேன், எழுந்திருக்கும்போது வெந்த இட்லி மாதிரி பாயில் ஒட்டிக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையை அதற்குக் கீழே எப்படிப் போடுவது? மழை பெய்தால் தலைமேல் பறை அடிக்கிற சத்தம் வேறு. அதோடு இந்தப் பக்கத்து ஆடிக்காற்று உனக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்தால் நேராக நம் வாசலுக்குத்தான் வருகிறது. போன வருஷம் மேற்குத் தெருவில் ஒரு வீட்டுச் சீட்டு போல்ட்டோடு பிய்த்துக்கொண்டு சோளக்காட்டில் போய் விழுந்தது. சீட்டு வேண்டாம் என்றதும் உன் மாமனுக்குக் கோபம், "அப்ப வானத்தையே வெச்சுக்கங்க மச்சான், அது பறக்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்படி வானத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இருந்தபோதுதான் நீ மாசமாக இருப்பதாக உன் கடிதம் வந்தது. படித்த சந்தோஷத்தில் உன் அம்மா கடிதத்தோடு ஆசாரத்துக்கு ஓடிவந்தாள், அண்ணாந்து பார்த்தாள். "ஏனுங்க, புள்ளை மாசமா இருக்கறப்பக் கூரையைப் பிரிச்சுப்போட்டு நிக்கறீங்களேங்க, குழி வேற தோண்டறேங்கறீங்களேங்க" என்றாள். மரியாதை ஒரு துளி குறையாமல் திட்டுவதற்கு உன் அம்மாவை அடிக்க ஆள் இல்லை. வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால் அந்த வீட்டில் குழி தோண்டக் கூடாது, புது மரமோ இரும்போ மேலே ஏற்றக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம், உனக்கும் தெரிந்திருக்கும். எனக்கு இதிலெல்லாம் அரை நம்பிக்கைதான், ஆனால் உன் விஷயம் என்றால் அந்த அரையே எனக்கு அதிகமாகிவிடுகிறது. அப்படியானால் குழந்தை பிறக்கிறவரை கூரையே வேண்டாமா என்றால், அதெப்படிங்க, புள்ளை வரும்போது கூரை இருக்கோணுமல்லங்க என்கிறாள். கூரையும் வேண்டும், கூரை போடவும் கூடாது. இதற்கு நடுவில் கோபி ஊரிலிருந்து சம்பந்தியம்மா யாரிடமோ சொல்லியனுப்பிவிட்டார், கூரையில்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது, பிரசவத்தை கோபியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று. அன்றைக்கு உன் அம்மா தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குக்கூடப் பெண்ணை அழைத்துவர வக்கில்லாதவன் என்று ஊர் பேசும் என்பதில்லை அம்மணி, நீ வந்து இங்கே படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு.

கடைசியில் அவிநாசிக்குப் போய் ஒரு ஜோசியரைப் பார்த்தேன். அவர் கேட்டதே ஒரே கேள்விதான், "புள்ளை எந்த ஊட்டுக் கணக்குங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. "கட்டிக் குடுத்தாச்சல்லங்க, அப்ப அது அவங்க ஊட்டுக் கணக்குங்க. உங்க ஊட்டுக்கு அந்தத் தடையே இல்லீங்க. கோயில்ல போயி, எம்புள்ளை இனி எங்க ஊட்டுக் கணக்குல இல்லைன்னு வாயால சொல்லிப்போட்டு ஒரு தேங்காயை ஒடைங்க, நாளைக்கே குழி தோண்டுங்க" என்றார். எவ்வளவு சுலபம் பார். அப்படியே கோயிலுக்குப் போனேன், தேங்காய் வாங்கினேன், சந்நிதி முன்னால் நின்றேன். அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் உனக்குத் தெரியப்போவதில்லை, உன் அம்மாவுக்கும் தெரியப்போவதில்லை, ஆவணிக்குள் தார்சு ஆகிவிடும், சம்பந்தியம்மா வாயும் அடைத்துவிடும். வாயைத் திறந்தேன், வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நகருங்க நகருங்க என்று தள்ளினார்கள். நகர்ந்து வந்து பஸ் ஏறிவிட்டேன், தேங்காய் மஞ்சப் பையிலேயே வந்தது. உன் அம்மா பையில் கை விட்டாள், முழுத் தேங்காயைப் பார்த்தாள், எடுத்து அடுப்படியில் வைத்தாள். மறுநாள் சட்னி அரைத்தாள்.

சட்னி பரிமாறும்போது அவள்தான் சொன்னாள், "கிழிஞ்ச சேலையைத் தெச்சுக் கட்டறதுக்கு ஆராச்சும் நல்ல நாள் பாப்பாங்களாங்க? இருந்த ஓட்டை இருந்த எடத்துல வெச்சா அது புதுசா கட்டறது ஆகாதுங்க." இதை இந்த மனுஷி ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் நான் ஏன் இட்லியாகியிருப்பேன்? ஆனால் ஓடு எங்கே இருக்கிறது, உன் மாமனின் எருமைக்கு மேலே. வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களே மச்சான், எங்கூட்டு எருமைக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க, அது இப்பத்தான் நிழலுக்குப் பழகியிருக்குதுங்க" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னான். கேட்டுக்கொண்டேன். அப்புறம் அவனேதான் சாளை மேல் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான், வண்டியில் வைக்கோல் போட்டு உடையாமல் கொண்டுவந்து சேர்த்ததும் அவன்தான். செங்கோட்டையனும் ஒருவழியாகப் பாத்ரூமை விட்டு வந்தார். கூரைச் சட்டமான கைமரம் அப்படியே நின்றதால் பிழைத்தோம், ஓடு உட்காருகிற ரீப்பர் கட்டைதான் பாதி செல்லரித்திருந்தது. புது மரம் கூடாதே, ஒரு பழைய மில்லைப் பிரித்த இடத்தில் தேடிப் பிடித்து வாங்கினோம். இத்தனை வருஷமாக ஏன் ஒழுகியது என்றும் இப்போதுதான் தெரிந்தது. நம் தறி அடிக்கிற அதிர்வில் ஓடு தினமும் மயிரிழை மயிரிழையாகக் கீழே சரிந்திருக்கிறது, மேலே இடைவெளி விட்டிருக்கிறது. இந்தத் தடவை ஓரத்து வரிசைகளைப் பழைய கம்பி போட்டுக் கட்டியாகிவிட்டது, காற்று அடியில் புகுந்து தூக்கவும் முடியாது. முகட்டு ஓடு மட்டும் பாக்கி, அதைச் சிமெண்ட் வைத்துப் பூச வேண்டும், செங்கோட்டையன் நாளைக்கு வாரேனுங்க என்று சொல்லியிருக்கிறார், எந்த நாளை என்று தெரியவில்லை.

முந்தாநாள் கோபிக்குப் போய் சம்பந்தியம்மாவிடம் நேரில் சொன்னேன், ஓடுதானுங்க போட்டிருக்கேன் என்று. "ஜோசியரு தார்சே போடலாமுன்னு சொன்னாராமேங்க?" என்று கேட்டார், அதற்குள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்ததோ. சொன்னாருங்க, அதுக்குப் புள்ளை எங்க ஊட்டுக் கணக்குல இல்லைன்னு சொல்லோணுமாமுங்க, எனக்குச் சொல்ல வரலீங்க என்றேன். அந்த அம்மா என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோரை ஊற்றினார். "ஆவணியில கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வாங்க சம்பந்தி. புள்ளையைக் கூட்டிக்கிட்டு நானும் கோட வந்து ஒரு பத்து நாள் தங்கறேனுங்க, ஒழுகுதான்னு பாக்கோணுமல்லங்க" என்றார். உன்னை அனுப்பச் சம்மதித்துவிட்டார், ஆனால் கூடவே தானும் வருகிறார். கேட்டதிலிருந்து உன் அம்மா சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்கிறாள், எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையிடம் ரயிலுக்கு இப்போதே கீழ் பெர்த்தாகப் பார்த்துப் பதிவு செய்யச் சொல். தண்ணீர்க் குடம் தூக்காதே, மாத்திரையை மறக்காதே. மாமியாருக்கு மறக்காமல் ஒரு கார்டு போடு. நீ படுக்கப் போகிற மூலைக்கு மேலே இருக்கும் ஓடுகளை மட்டும் கொத்தனாரை விடாமல் நானே ஏறி என் கையால் அடுக்கினேன், அதனால் ஒழுகினால் அந்த மூலைதான் முதலில் ஒழுகும் என்கிறாள் உன் அம்மா. கட்டிலை நகர்த்திப் போட இடம் விட்டிருக்கிறேன், நீ தைரியமாக வா. நீயும் மாப்பிள்ளையும் உள்ளே இருப்பவரும் எந்த நோவும் அண்டாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா,
சென்னியப்பன்