முனையும் முறிவும்

அன்பு மகள் இலாரியாவுக்கு ரோமிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்காலைத் தவிர. நீ பெர்கன் மழையில் நனையாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரல் கேட்டாலே உன் அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ஈஸ்டர் விருந்துக்கு நீ வருகிறாய் அல்லவா, அதே மேசைக்கு கொர்ராடோவையும் உனக்குத் தெரியாமல் அப்பா கூப்பிட்டிருந்தார். விவாகரத்து ஆகி நீங்கள் இருவரும் மூச்சு விடுவதற்குள் இவருக்கு அவசரம். "ரெண்டு பேரையும் பக்கத்துல உட்கார வச்சு ஆட்டுக்கறியப் பரிமாறினா எல்லாம் சரியாயிடும், நீ வாயத் திறக்காதே" என்று எனக்கு உத்தரவு வேறு. உன்னை எனக்குத் தெரியாதா, அப்பா கண் கலங்கினால் எதற்கும் சரி என்றுவிடுவாய், பிறகு பெர்கனுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து அழுவாய். போன முறை பேசும்போது "நான் எதை உடைச்சேன்னே தெரியலம்மா" என்றாயே, அது இன்னும் என் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது.

வியாழக்கிழமை அப்பா என்னை அழைத்துப்போக என் ஆய்வகத்துக்கு வந்தார். ஆராய்ச்சிக்கு வளர்க்கும் ஈக்களுக்குச் சோளமாவுக் கூழ் கிண்டியிருந்தோம், "எனக்கு வீட்டுல இது கிடைக்கறதில்ல, ஈக்குக் கிடைக்குது" என்று வந்ததும் வராததுமாக வம்பிழுத்தார். நுண்ணோக்கியில் பழ ஈப் புழுவின் மூளையிலிருந்து எடுத்த செல் ஒன்று இருந்தது, பாருங்கள் என்றேன். ஆயுள் முழுக்க ரயில் ஓட்டியவர் அல்லவா, முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா, பெட்டியெல்லாம் கோத்துக்கிட்டு நிக்குதே, என்ன அழகு!" என்றார். குரோமோசோம்கள்தான் அப்படி முனையோடு முனை ஒட்டிக்கொண்டு நின்றன. அழகு என்று சொல்லாதீர்கள், இந்தப் புழு ஈயாகப் போவதில்லை என்றேன். ஒவ்வொரு குரோமோசோமின் நுனியிலும் புரதத்தால் ஆன ஒரு தொப்பி உண்டு, இது முனை, முறிவு இல்லை என்று செல்லுக்குச் சொல்வது அதுதான். இந்தப் புழுவுக்குத் தொப்பி அமையவில்லை. செல்லுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, முனையையெல்லாம் முறிவு என்று நினைத்துப் பதறி, எதையாவது எதோடாவது ஒட்டிவைக்கிறது, அப்புறம் செல் இரண்டாகப் பிரியும்போது இரண்டு பக்கமும் இழுபட்டுக் கிழிகிறது. "நிஜமாவே ஒடிஞ்சு போயிருந்தா?" என்று கேட்டார். நுனி ஒடிந்த குரோமோசோமோடு வாழும் ஈக்கள் எங்கள் குப்பிகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன என்றேன். ஒடிந்த இடத்திலேயே தொப்பி உட்கார்ந்துவிட்டால் போதும், போன துண்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் தேயும், பிறகு அதே ஈயின் குரோமோசோம்களுக்குள் இடம் விட்டு இடம் தாவித் திரியும் துண்டுகளில் ஒன்று எப்போதாவது வந்து அந்த முனையில் ஒட்டி, தேய்ந்ததை ஈடுகட்டும். எப்போது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது அப்பா அழுதுவிட்டார். "அவளுக்காகன்னு சொல்லிக்கிட்டேன் லொரெதானா, எனக்காகத்தான். அவன் இல்லாம ஞாயித்துக்கிழமை மேட்ச் பாக்கவே பிடிக்கல" என்றார். எனக்கும் தாங்கவில்லை. பிறகு அவரே போனை எடுத்து, "ஈஸ்டருக்கு வராதப்பா. அவ ஊருக்குப் போனதும் வா, நாம ரெண்டு பேர் மட்டும் மேட்ச் பாக்கலாம்" என்று கொர்ராடோவிடம் சொன்னார். இதற்கு நீ முகம் சுளிக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். ஒடிந்த இடத்தில் உனக்கு ஒரு தொப்பி வேண்டியிருப்பது போல அவருக்கும் ஒன்று வேண்டுமே.

நீ எதையும் உடைக்கவில்லை, கண்ணே. அது முடிந்தது, அவ்வளவுதான். மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாமல் தூங்கு, விமானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கழுத்தில் குளிர் பட்டுச் சளி பிடித்துக்கொண்டு வராதே, ஒரு சால்வை எடுத்துக்கொள். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இதோ, அப்பா வாசலில் வந்து நின்றுவிட்டார், இதையும் சேர்க்கச் சொல்கிறார்: "தனியா வரச் சொல்லு. தனியா வந்தாலும் எனக்கு அவ முழுசுதான்னு எழுது."

எழுதிவிட்டேன்.

உன் அம்மா,
லொரெதானா