லவினேருக்கு வந்த பட்டுச் சேலைகள்

18 ஏப்ரல் 2016, திங்கள்

வழியில் எதிர்ப்படும் எவருக்கும் இங்கே ‘அல்லேக்ரா’ என்று வணக்கம் சொல்ல வேண்டும். சுவிஸ் மலைகளுக்குள் இருக்கிற எங்கடின் பள்ளத்தாக்கின் வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இல்லை. இன்று காலை அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் சிலர் எதிரே வந்தார்கள். என் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசியாக வந்ததற்கு மட்டும் தெளிவாகச் சொன்னேன். அது பூனை.

சுற்றுலா அலுவலகத்தில் இது எனக்கு மூன்றாவது கிழமை. பொறுப்பாளர் உர்சினா இன்று வரைபடம் ஒன்றை விரித்தார். லவினேர் கிராமத்தின் பழைய வீடுகளைப் பார்த்துவிட்டு, புல்வெளியில் ஏறி, ஆற்றுப் பாலத்தால் திரும்புகிற மாதிரி ஒரு நடைப்பாதை வேண்டுமாம்.

“பாதையை நீயே அமை. ஜூனில் ஒத்திகை. ஆட்களை நீயே சேர்த்து, நீயே கூட்டிப் போய், நீயே கதைக்க வேண்டும். தகுதிகாண் காலம் முடிந்து நீ இங்கே இருப்பாயா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வேன்.”

பாதை அமைப்பது சுகம். கதைப்பது—

21 ஏப்ரல், வியாழன்

அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

“பட்டம் எடுத்த பிள்ளைக்குக் கதைக்கிறதுக்கு என்ன பயம்?” அப்பா இருபது வருடமாக ஒல்டன் நகரத்தில் ஒரு உணவகச் சமையலறையில் நிற்கிறவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டத்தோடு குரலும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று நினைக்கிறார் போல.

“ஆக்களைச் சேர்க்கிறதுதான் கஷ்டமப்பா.”

“உனக்கேன் அந்த யோசனை? திரிம்பாக் கோயிலடியில எங்கட ஆக்களிட்ட ஒரு சொல்லு சொன்னாக் காணும்.”

அந்த ஒரு சொல்லை நினைத்துத்தான் இப்போது பயம்.

6 மே, வெள்ளி

மத்தியானம் முழுக்க நடந்தேன். வீடுகளின் சுவர்கள் கோட்டைச் சுவர் போலத் தடிப்பு. சன்னல்கள் உள்நோக்கி ஒடுங்கிப் போகின்றன. சாந்து ஈரமாக இருக்கும்போதே கீறிய சித்திரங்கள்: சூரியன், மீன், இரண்டு வால் உள்ள கடற்கன்னி. கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம். கீறியவர் கண்டிருப்பாரா?

ஆகச் சிறந்த வீடு மட்லைனா அம்மையாருடையது. அதைப் பட்டியலில் போடாதே என்றுவிட்டார் உர்சினா. முன்பொரு குழு சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே போய்விட்டதாம். அன்றோடு அவர் கதவு திறப்பதில்லை.

திரும்பும்போது அவர் வாசலில் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். நான் நிலத்தைப் பார்த்தபடி கடந்தேன். ஒரு சொல். ஒரே ஒரு சொல். ஏன் வராது?

28 மே, சனி

புல்வெளியில் மாடுகளுக்கு முழு உரையும் சொல்லிப் பார்த்தேன். கடற்கன்னி வரும்போது ஒன்று எழும்பிப் போய்விட்டது.

11 ஜூன், சனி

நாளை ஒத்திகை. அம்மாவோடு கோயிலடி ஆட்கள்தான் வருகிறார்கள். மழை. அம்மாவிடம் திருப்பித் திருப்பிச் சொன்னேன், நடக்கிற சப்பாத்தோடு வாங்கோ என்று. “ஓம் ஓம்” என்றா. அம்மாவின் இரட்டை ஓம் எனக்குத் தெரியும்.

12 ஜூன், ஞாயிறு

சிவப்பு ரயில் நின்றது. கதவு திறந்ததும் முதலில் இறங்கியது மல்லிகை வாசம். பிறகு பட்டுச் சேலைகள், ஒன்றன்பின் ஒன்றாக. கஜலக்சுமி மாமி ஹீல்ஸ் போட்டிருந்தா. பத்மநாதன் அண்ணை வேட்டி சால்வையோடு, கையில் பொரித்த றோல்ஸ் நிறைந்த பெட்டி.

“அம்மா, இது மலையில நடக்கிறது.”

“பிள்ளை மேடையில கதைக்கேக்க நாங்கள் கந்தலோடயோ வாறது?”

“மேடை ஒண்டும் இல்லையம்மா.”

“உனக்கு இல்லை. எங்களுக்கு மேடைதான்.”

உர்சினா குழுவின் பின்னால் வந்தார். முதல் வீட்டின் முன் நான் சொன்னது முதல் வரிசைக்கே கேட்டிருக்காது. “வொலியூமைக் கூட்டு, பிள்ளை” என்றார் அண்ணை. புல்வெளிப் பாதை முழுக்கச் சேறு. மாமியின் ஹீல்ஸ் புதைந்தது. இழுக்கப் போன அம்மாவும் புதைந்தா. என் பாதை அங்கேயே முடிந்தது. வேலையும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

“எல்லாரும் திரும்புங்கோ. ஊருக்குள்ளயே போவம்.” சேற்றில் நின்ற அவ்வளவு பேரும் கேட்டுத் திரும்பினார்கள். சொன்னது நானா?

ஊருக்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் கொடுத்தது மட்லைனாவின் பெரிய வளைவு வாசல்தான். சத்தம் கேட்டு அவர் கதவைத் திறந்தார். ரயிலடியில் நான் சொல்லிக் கொடுத்த ‘அல்லேக்ரா’வை மாமி கோயில் மணி போல எடுத்து விட்டா.

கதவு திறந்து வீட்டுக்காரி வாசலில் நின்றால் அது ‘வாங்கோ’ என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. நான் மறிப்பதற்குள் மாமி சப்பாத்தைக் கழற்றிவிட்டா. பிறகு அம்மா, அண்ணை, எல்லோரும். சேறு அப்பிய சப்பாத்துகள் வெளியே வரிசையாக. அண்ணையின் சால்வையில் ஈரம் ஒற்றிய மாமியின் வெறுங்கால், மெட்டியோடு, படியில் ஏறியது.

மட்லைனா சப்பாத்துகளைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். பிறகு மெல்ல விலகி வழிவிட்டார்.

உள்ளே பைன் மர வாசம். அவர் ஜெர்மனில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

“உந்த வாசல் ஏன் இவ்வளவு பெரிசெண்டு கேள்” என்றா மாமி.

“புல்லு வண்டில் வீட்டுக்குள்ளாலதான் களஞ்சியத்துக்குப் போகுமாம். மாடு கீழ்வீட்டில.”

“அப்ப மாட்டின்ர சூடு மேல வரும். கெட்டிக்காரர்.”

அதை மொழிபெயர்த்தேன். மட்லைனா சிரித்தார். இன்னும் கேட்டார்கள், இன்னும் சொன்னேன். நான் நடுவில் நின்று எல்லோரும் என்னைப் பார்ப்பது வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

உர்சினா ஒரு றோல்ஸ் சாப்பிட்டார். “நாளை கதைப்போம்.”

13 ஜூன், திங்கள்

“நீ அமைத்த பாதையில் பாதிகூட நடக்கவில்லை” என்றார் உர்சினா.

“ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

“மட்லைனா காலையில் வந்தார். அடுத்த குழு எப்போது என்று கேட்டார்.” வரைபடத்தை என் பக்கம் தள்ளினார். “அவருக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். பாதையைத் திருப்பிக் கீறு.”

4 செப்டம்பர், ஞாயிறு

வெயில். பூனைக்கும் அல்லேக்ரா சொன்னேன், அதன் வீட்டுக்காரருக்கும். பனிக்காலத்து நடைக்கு இப்போதே ஆட்கள் பெயர் கொடுக்கிறார்கள்.

இன்றைய குழு பாசல் நகரத்து மலைநடைக்காரர்கள். மட்லைனா வாசலில் உட்கார நீள வாங்கு ஒன்று போட்டு வைத்திருக்கிறார். “சப்பாத்தை இங்கே கழற்றுங்கள்” என்றேன். பின்வரிசை வரை கேட்டது. சப்பாத்தின் நீண்ட கயிறுகளோடு மல்லுக்கட்டிய ஒருவர் முணுமுணுத்தார்:

“இதுவும் எங்கடின் வழக்கமா?”

நான் வாய் திறப்பதற்குள் மட்லைனா சொன்னார்:

“ஆமாம். இங்கே எப்போதும் இப்படித்தான்.”