சங்ககிரி டீமுக்கு ஒரு லிஃப்டர்

17-7-1979, செவ்வாய்

வீரன் போய்விட்டான். இத்தனை வருடமாக எங்கள் வாலிபால் டீமுக்குப் பந்து தூக்கிக் கொடுத்த லிஃப்டர், நேற்று மத்தியானம் போர்வெல் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆந்திராவுக்குப் போயே விட்டான். திருச்செங்கோட்டுக்காரர்கள் நல்ல சம்பளம் தருகிறார்களாம். நன்றாக இருக்கட்டும். ஆனால் இனிமேல் எனக்கு யார் பந்து கொடுப்பது? லிஃப்டர் இல்லாத டீமில் அடிக்கிறவன், இலையைப் போட்டுவிட்டுச் சோறு வராமல் உட்கார்ந்திருப்பவன் மாதிரிதான்.

சாயங்காலம் முதலாளி அப்புசாமி ஆபீசுக்குள் கூப்பிட்டார். லாரி அவருடையது, கிரவுண்டு அவருடையது, டீமும் அவருடையது. திருச்செங்கோட்டுப் பொங்கல் டோர்னமெண்ட் ஃபைனலில் மூன்று வருடமாக ஈரோட்டிடம் தோற்கிறோம். “இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா கிரவுண்டுல லாரி நிறுத்திக்குவேன், ஆமா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் அவர் தவறாமல் செய்வார்.

புது லிஃப்டர் ஒருவனை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். புக்கிங் ஆபீசில் என் மேஜைக்குப் பக்கத்தில் கிளார்க் வேலை. ஒரே ஒரு வேலை.

20-7-1979, வெள்ளி

டீம் கூடிப் பேசுகிற டயர் டெப்போவில் பெரிய சண்டை. இந்த வருடம் காலேஜ் முடித்த பையன்களில் இரண்டு லிஃப்டர்கள் பேர் வாங்கியிருக்கிறார்கள். சேலத்துக் காலேஜில் வேலுமணி. நாமக்கல் காலேஜில் குமாரசாமி, ஊர் ஆட்டையாம்பட்டி.

இதில் பேச என்ன இருக்கிறது? வேலுமணிதான்! தலைக்குப் பின்னால் பார்க்காமலே பந்தைத் தூக்குகிறான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. குமாரசாமி ஆடுவதை நான் ஒரு தடவை பார்த்தேன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அவன் கிரவுண்டில் இருந்ததே எனக்கு நினைவில்லை.

கேப்டன் காளியண்ணன் நடுவில் நின்று ஆடுகிறவர், பிடிவாதக்காரர். “அதாண்டா கொழந்தை, லிஃப்டருன்னா அவன் இருக்கறதே தெரியக்கூடாது” என்கிறார். குழந்தைவேலு என்கிற என் பெயர் அவர் வாயில் கொழந்தைதான். இதெல்லாம் ஒரு பேச்சா?

29-7-1979, ஞாயிறு

சேலம் போய் வேலுமணி பயிற்சியில் ஆடுவதைப் பார்த்தோம். நான் சும்மா இருக்க முடியாமல் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இடது மூலையில் நின்று “எனக்கு!” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பந்து வருகிறது. எவ்வளவு உயரம், எவ்வளவு பதம்! வீரன்கூட இப்படிக் கொடுத்ததில்லை. தோள் வலிக்க அடித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் பாட்டு வேறு பாடினேனாம், காளியண்ணன் சொல்கிறார்.

அவர் வாயைத் திறந்தாலே அபசகுனம். “அவன் உன்னத் தவிர யாருக்குமே குடுக்கலியே, கவனிச்சியா?” என்றார். கவனித்தேன். அதில் என்ன தப்பு?

3-8-1979, வெள்ளி

டீமில் மிச்சமிருக்கிற ஆறு பேரில் மூன்று பேர் வேலுமணி, மூன்று பேர் குமாரசாமி. முதலாளியிடம் போனோம். அவர் லாரி டிரைவர் எடுக்கிற மாதிரியேதான் லிஃப்டரும் எடுப்பாராம். “ஆளப் பாத்தாப் பத்தாது, ஊட்டப் பாக்கோணும். ரெண்டு ஊட்டுக்கும் போலாம். ஆனா ஆடி கழியட்டும். ஆடியில போயி ஒரு நல்ல சோலிய ஆரம்பிக்கறதா?”

வாலிபாலுக்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வந்தது.

26-8-1979, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

ஆவணி, வளர்பிறை, நல்ல நேரம். முதலாளி வெள்ளை வேட்டி. ஒற்றைப் படையாகப் போக வேண்டும் என்பதற்காக முதலாளி, காளியண்ணன், நான், டிரைவர் காளியப்பன் எல்லாம் சேர்த்து ஐந்து பேர். ஐந்தாவது ஆள் முதலாளி சம்சாரம் வள்ளியாத்தாள். ஆட்டையாம்பட்டியில் சேலை எடுக்க வேண்டுமாம். “ஒரு ஊட்டுக்கு வெறுங்கையோட போவாங்களா?” என்று தட்டில் தேங்காய், பழம், பூ, வெற்றிலை எல்லாம் எடுத்துக்கொண்டார். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். காரணம் ஒன்றுமில்லை, பழையது வெளுப்புக்குப் போயிருந்தது.

காலையில் வேலுமணி வீடு. இட்லி சாப்பிட்டோம், நல்ல மனிதர்கள். பிறகு ஆட்டையாம்பட்டி. காளியப்பன் முந்தின நாளே அந்தப் பக்கம் சரக்கு ஏற்றப் போனபோது தகவல் சொல்லியிருந்தான்: “எங்க முதலாளி அம்மாவையும் கூட்டிட்டு நாளைக்குப் பாக்க வாராருங்க. ராசிபுரத்துல உங்க சனம் ஒரு பையன் இருக்கானே, குழந்தைவேலு, அவனும் வாரான்.” யாரைப் பார்க்க என்று அவனும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

போய் இறங்கினால் வாசலில் கோலம். தறியெல்லாம் நின்றிருந்தது. சொந்தக்காரர்கள் பத்துப் பேர் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னையே பார்த்தார்கள். ஒரு வாலிபால்காரனுக்கு ஆட்டையாம்பட்டியில் இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. குமாரசாமியைக் காணோம். பலகாரம் வாங்கக் கடைக்கு அனுப்பியிருந்தார்களாம்.

முதலாளி நேரே விஷயத்துக்கு வந்தார். “உயரம் எவ்வளவுங்க?”

“அஞ்சடி ரெண்டு அங்குலமுங்க” என்றார் அவன் அப்பா.

முதலாளி காளியண்ணனை முறைத்தார். காளியண்ணன் என்னைப் பார்த்தார். “செரி, அது கெடக்குது. குதிச்சு ஆடறதெல்லாம் எப்படிங்க?”

அவர் முகம் கறுத்துப் போனது. “எங்க புள்ள வாசப்படி தாண்டாதுங்க” என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை. மூளை என்று ஒன்று எனக்கு இருக்கிறதா?

அப்போதுதான் அந்தப் பெண் காப்பித் தட்டோடு வந்தாள். தலை நிறையப் பூ. முதலாளியைப் பார்த்தாள், காளியண்ணன் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தாள், என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தும் முடியவில்லை. “அப்பா, இவங்க என்னையப் பாக்க வர்லீங்க. தம்பியப் பாக்க வந்திருக்காங்க. சங்ககிரி வாலிபால் டீமுங்க!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், டம்ளரெல்லாம் சேர்ந்து ஆடியது.

ஐயோ சாமி! எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வள்ளியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு, அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் அந்த அப்பாவும் சிரித்தார். நல்ல மனிதர். வேறு வீடாக இருந்தால் தடி எடுத்திருப்பார்கள்.

காப்பியை என்னிடம் நீட்டும்போது அவள் கேட்டாள்: “நீங்கதானுங்களே, பந்து வர்றதுக்கு முன்னாடியே ‘எனக்கு, எனக்கு’ன்னு கத்தறவரு?”

“ஆமாங்க.”

“நீங்க கத்தறது ஈரோட்டுக்காரங்களுக்கு ரொம்ப ஒத்தாசைன்னு தம்பி சொல்லுவானுங்க.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்! அதற்குள் குமாரசாமி ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான். ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு, ஒல்லி, கூச்சம். முதலாளி அவனிடம், உன்னை எடுத்தால் எப்படி ஆடுவாய் என்றார். அவன் என் பக்கம் திரும்பினான். “நீங்க கத்தறத நிறுத்தாதீங்கண்ணா. நீங்க கத்திக்கிட்டுக் குதிங்க. ரெண்டு பேரு உங்களத் தடுக்கக் குதிப்பாங்க. நான் நடுவால காளியண்ணனுக்குக் குடுத்தர்றேன்.”

காளியண்ணன் தொடையைத் தட்டினார். நான் கேட்டேன், அப்ப எனக்கு?

“உங்களுக்கும் அப்பப்பக் குடுக்கறேனுங்க.”

அப்பப்பவாம்! என்னை என்ன சோளக்கொல்லை பொம்மைன்னு நெனச்சுக்கிட்டானா? நானு அடிக்கறவன்டா! கத்தறதுக்கு எதுக்கு ஆளு, ஒரு ஒலிபெருக்கி கட்டி வெச்சுக்க வேண்டியதுதானே?

முடியாது. வேலுமணிதான்.

27-8-1979, திங்கள்

அந்தப் பெண்ணின் பெயர் ராஜம்மாள். சும்மா எழுதி வைக்கிறேன்.

2-9-1979, ஞாயிறு

இருவரையும் வரவழைத்து, குமாரபாளையத்து டீமோடு ஆளுக்கு ஒரு செட் ஆட விட்டோம்.

வேலுமணியோடு ஆடிய செட்டில் எனக்கு ராஜபோகம். எல்லாப் பந்தும் எனக்குத்தான். வேலி ஓரம் நின்றவர்கள் விசிலடித்தார்கள். தோற்றோம்.

குமாரசாமியோடு ஆடிய செட்டில் நான் தொண்டை கிழியக் கத்தினேன், குதித்தேன், இறங்கினேன். பந்து வேறு எங்கேயோ போனது. திரும்பவும் குதித்தேன். பிச்சைக்காரனுக்குப் போடுகிற மாதிரி எப்போதாவது ஒன்று வந்தது. ஜெயித்தோம்.

எனக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கு இரண்டு சோடா குடித்தேன்.

ஆனால் ஒன்று. அவன் எனக்குக் கொடுத்த அந்த நாலைந்து பந்துக்கும் எதிரே தடுக்க ஒருவருமே இல்லை. அத்தனை பேரும் காளியண்ணன் பக்கம் ஓடியிருந்தார்கள். வெட்ட வெளி. இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஒரு வெட்ட வெளி கிடைத்ததில்லை.

4-9-1979, செவ்வாய்

ஓட்டு. இன்னமும் மூன்றுக்கு மூன்றுதான் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, குமாரசாமி என்றேன்.

டெப்போவே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. “மாப்பிள்ளை சொல்லிட்டாருப்பா!” “காப்பி அவ்வளவு ருசியாடா கொழந்தை?” முதலாளிகூட வாயைப் பொத்திக்கொண்டார். இல்லீங்க, பந்துக்காகத்தானுங்க சொல்றேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்யச் சிரிப்பு அதிகமானது.

பந்துக்காகத்தான் ஓட்டுப் போட்டேன். காப்பிக்காக இல்லை. இல்லைதானே? என்னையே நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். முக்கால்வாசி பந்துதான்.

11-11-1979, ஞாயிறு

கெட்ட செய்தி. நாம் வேண்டாம் என்ற வேலுமணியை ஈரோட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “பாத்துக்க சாமி, உன்ற ஓட்டுல வந்த பையன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இனித் தோற்றால் கிரவுண்டு போனது என் தலையில்தான் விடியும்.

குமாரசாமியோ கவலையே இல்லாமல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து லாரி ரசீது எழுதுகிறான்.

17-1-1980, வியாழன்

மெதுவாக எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டில் ஃபைனல். மலை அடிவாரமே ஜனம். ஈரோடுதான், வேறு யார். முதல் செட்டில் வேலுமணி எங்களைப் பைத்தியம் பிடிக்க வைத்தான். பின்னால் தூக்குகிறான், குதித்துத் தூக்குகிறான், கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. எங்கள் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து போய் லாரி ஓரம் நின்றுகொண்டார். நான் மனதுக்குள் கிரவுண்டுக்குக் கும்பிடு போட்டுவிட்டேன்.

இரண்டாவது செட்டில்தான் பிடிபட்டது. வேலுமணி என்ன வேடிக்கை காட்டினாலும் கடைசியில் பந்து அவர்களுடைய ஒரே ஆளுக்குத்தான் போனது. காளியண்ணன் அந்த ஒருவனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயித்தோம்.

மூன்றாவது செட், பதினாலுக்குப் பதின்மூன்று, சர்வீஸ் எங்களுடையது, இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் ஜெயிப்பு. பந்து நாலு தடவை போய் வந்தது. பிறகு குமாரசாமி கைக்கு வந்தது. நான் ஓடினேன். “எனக்கு! எனக்கு! எனக்கு!” என் ஆயுசில் அப்படிக் கத்தியதில்லை. குதித்தேன். வேலுமணியும் இன்னொருவனும் என் முகத்துக்கு நேரே கையை விரித்துக்கொண்டு குதித்தார்கள். மூன்று பேரும் ஆகாயத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பந்து அங்கே இல்லை. காளியண்ணன் நடுவில் தனியாக, அவசரமே இல்லாமல் அடித்தார்.

வெறும் கையோடு இறங்கினேன். என் பக்கம் யாரும் வரவில்லை, எல்லாரும் காளியண்ணனைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். குமாரசாமி மட்டும் வந்து, “அண்ணா, நீங்க குதிக்கலைன்னா இது ஆயிருக்காதுங்க” என்றான். அழுதுவிட்டேன். சந்தோஷம்தான், வேறென்ன.

முதலாளி வந்து, லாரி ரோட்டிலேயே நிற்கட்டும் என்றார். இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னார்.

பெண்கள் பக்கம் ஆட்டையாம்பட்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. ஊதாச் சேலை.

20-1-1980, ஞாயிறு

வள்ளியாத்தாள் கேட்டார்: “ஏஞ்சாமி, தை பொறந்தாச்சே. ஆட்டையாம்பட்டிக்கு இன்னொருக்காப் போலாமா? இந்தத் தடவ யாரப் பாக்கறதுன்னு சொல்லிட்டே போலாம்.”

ராசிபுரத்துக்கு அம்மாவுக்குக் கடிதம் போட்டேன்.

14-6-1981, ஞாயிறு

ஆட்டையாம்பட்டியில் மாமனார் வீட்டில் விருந்தாளிகள். சென்னையில் ஒரு பெரிய டீமிலிருந்து மூன்று பேர் குமாரசாமியைப் பார்க்க வந்திருந்தார்கள். எடுத்தால் நிரந்தர வேலை, ஊர் ஊராக ஆட்டம்.

காளியண்ணன் நேற்றே எச்சரித்திருந்தார். “மச்சினனப் பத்திக் கேட்டாங்கன்னா சுமாருன்னு சொல்லீரு. அவன் போயிட்டா நம்ம கதி?”

கேட்டார்கள். அவர்களில் பெரியவர் என்னைத் தனியாக அழைத்து, “ஆட்டம் பார்த்தோம், கண்ணில் படுகிற மாதிரி ஒன்றும் செய்யவில்லையே. கூட ஆடுகிறவர் நீங்கள், நீங்கள் சொல்லுங்கள்” என்றார். சுமார் என்று ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். குமாரசாமி தறிக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நானு தொண்டை கிழியக் கத்தினாலும் பாதிப் பந்து எனக்குக் குடுக்க மாட்டானுங்க” என்றேன். “அக்காளக் கட்டிக் குடுத்த பொறவும் குடுக்க மாட்டேங்கறான். யாருக்குக் குடுக்கோணுமோ அவங்களுக்குத்தான் குடுப்பான். இந்த மாதிரி லிஃப்டர் உங்களுக்குக் கெடைக்க மாட்டானுங்க. கூட்டிட்டுப் போங்க.”

பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ராஜம்மா கண்ணைத் துடைப்பதும் சிரிப்பதுமாக வந்தாள். “போறானே, இனி உங்களுக்குப் பந்து யாருங்க குடுப்பாங்க?” என்று கேட்டாள்.

தெரியவில்லை. நாளைக்கு அதைப் பற்றித்தான் காளியண்ணனோடு சண்டை போட வேண்டும்.