கஞ்சி இல்லை, பசை

பெரியம்மா,

உங்கள் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டை என் மேசைமேல் கிடக்கிறது. உள்ளங்கை அகலம், வழவழப்பான தாள், சுற்றிலும் மூவர்ணக் கோடு. ‘தியாகிகளுக்கு அன்னமிட்ட தாய்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். விடுதலை நாள் கண்காட்சிச் சுவரிலிருந்து நேற்று நான் பிய்த்துக்கொண்டு வந்தது. பிய்த்ததில் ஒரு மூலை கிழிந்துவிட்டது. கண்காட்சிக் குழுக்காரர் ஒருவர் பின்னாலேயே ஓடி வந்து, “தம்பி, இது பொதுச்சொத்து தம்பி!” என்றார். அட்டை பொதுச்சொத்தாம். நீங்கள்?

நிதானமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. கோபத்தோடேயே எழுதுகிறேன். நீங்கள் இருந்தால், “டேய் கரெண்டு, ஃபியூஸு போயிடப் போவுது, மொதல்ல உக்காரு” என்பீர்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்த நாளிலிருந்து உங்களுக்கு என் பெயர் கரெண்டு. ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலைக்குப் போன பிறகும் அதே பெயர்தான்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறையில் குடியிருந்தீர்கள். தையல் மெஷின், சுண்ணாம்புச் சுவர், ஒரு கட்டில். ஊரில் பாதிப்பேர் வைத்திருக்கும் கதைதான் உங்கள் தம்பிக்கும்: பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு கப்பலேறிப் போனவர். உங்களையும் எடுக்கச் சொன்னாராம். “வெரட்டுறதுக்குப் பாடுபட்டுட்டு, அவன் பின்னாடியே மூட்டையக் கட்டிக்கினு போவச் சொல்றியா?” என்று கேட்டு அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தே காலம் போனது. இதையெல்லாம் நீங்களாகச் சொன்னதில்லை. கேட்டுக் கேட்டுப் பிடுங்கியது.

எல்லாம் நோன்புக் கஞ்சியில்தான் ஆரம்பித்தது. நோன்பு மாதம் வந்தால் அம்மா பள்ளிவாசல் கஞ்சியை வாங்கி வந்து, வடையும் சேர்த்து அக்கம்பக்கம் எல்லோருக்கும் கொடுத்தனுப்புவார். மற்ற வீடுகளில் கழுவிய பாத்திரம் திரும்பி வரும். உங்கள் வீட்டிலிருந்து வடையை எடுத்துக்கொண்டு கஞ்சி அப்படியே திரும்பி வரும். வருஷா வருஷம். அம்மாவுக்கு அது உள்ளே அறுத்தது. “வடை ஆவும், கஞ்சி மட்டும் ஆவாதா? துலுக்க வூட்டுத் தண்ணின்னு பாக்குறாங்களா?” என்று அடுப்படியில் புலம்புவார். டிப்ளமோ கடைசி வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. பாத்திரத்தோடு நேராக உங்களிடம் வந்தேன்.

“இன்னா பெரியம்மா, எங்க வூட்டுக் கஞ்சின்னா உங்களுக்கு எறங்காதா? நேரா சொல்லிடுங்க. அம்மா அழுவுது.”

நீங்கள் தையல் மெஷினை நிறுத்தினீர்கள். முதலில் சிரித்தீர்கள். அப்புறம், “எறங்காதுதான்டா. ஆனா உங்க வூட்டுது மட்டும் இல்ல, எந்த வூட்டுதும்” என்று சொல்லிவிட்டு அந்தக் கதையைச் சொன்னீர்கள்.

உங்களுக்குப் பதினாறு வயது. பிரெஞ்சுக்காரன் வெளியேற வேண்டும் என்று சுவரொட்டி ஒட்டினால் பிடித்து அடிக்கிற காலம். ஒட்டுகிறவர்கள் பெரிய வாய்க்கால் பக்கம் ஒரு விறகுத் தொட்டிக் கடைக்குள் மறைந்திருப்பார்கள். பசை காய்ச்சும் வேலை உங்களுடையது. மைதாவைக் காய்ச்சி, மாடு தின்னாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க மயில்துத்தம் கலந்து, பித்தளைத் தூக்கில் ஊற்றி மூடி, பட்டப்பகலில் கஞ்சி கொண்டு போகிற பெண்ணாகத் தெருவில் நடப்பீர்கள். ஒரு நாள் தொட்டிக்கு எதிரிலேயே சிவப்புத் தொப்பிப் போலீஸ் மறித்தான்.

“தூக்குல இன்னா?”

“கஞ்சிங்க. அண்ணனுக்கு.”

“கஞ்சின்னா ஒரு வாய் குடி பாப்பம்.”

குடித்தீர்கள். ஒரு வாய் போதவில்லை அவனுக்கு. மூன்று வாய் குடித்தீர்கள். மயில்துத்தம் விஷம் என்று படித்தவன் நான். நீங்களோ வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னீர்கள். “அவன் போனாப்புறம் தொட்டிக் கதவைத் தட்டுனேன். தொறக்கல. தூக்க வாசல்ல வச்சுட்டு நடந்தேன். வாய்க்கா ஓரமா உக்காந்து நீலமா வாந்தி எடுத்தேன். மறுநாள் காலைல ஊரு பூரா ஒட்டியிருந்துச்சாம். நான் படுத்துக் கெடந்தேன், பாக்கல.” அதற்குப் பிறகு கஞ்சிபோலக் கொழகொழவென்று எது கண்ணில் பட்டாலும் உங்களுக்குக் குமட்டும். அவ்வளவுதான் விஷயம். என் அம்மா பத்து வருஷமாக மதம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் உங்களுக்கு வடை மட்டும் போனது, வழக்கத்தைவிட நாலு அதிகமாக.

சும்மா இருந்திருக்கலாம் நான். இருக்க மாட்டேனே. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில், தியாகி என்று அங்கீகாரம் வாங்க விண்ணப்பம் எங்கே கொடுக்கிறார்கள், என்னென்ன காகிதம் வேண்டும் என்று எல்லாவற்றையும் தேடி எடுத்தேன். “எதுக்குடா இப்ப?” என்று நீங்கள் சலித்துக்கொண்டாலும் இரண்டு நாள் கழித்து நீங்களே கேட்டீர்கள்: “அது வந்தா, விடுதல நாளுக்கு முன்வரிசைல உக்கார வப்பாங்க இல்ல?” வருஷாவருஷம் கடற்கரைச் சாலையில் கூட்டத்தோடு கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தவர் நீங்கள். ஒரே ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தது. எனக்கு அது போதும்.

அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஜெயில்ல இருந்தீங்களாம்மா?”

“இல்ல.”

“கேஸு? அடி ஒதை? அரெஸ்ட்டு?”

“இல்லங்க.”

“அப்ப இன்னாதாம்மா பண்ணீங்க?”

“மாட்டாம இருந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. நான் பார்க்கிற மெஷின்களும் அப்படித்தான். கோளாறு பண்ணினால் பதிவில் வரிவரியாக நிற்கும். ஒழுங்காக ஓடினால் ஒரு வரியும் இருக்காது. வேலையைத் திருத்தமாகச் செய்தவருக்கு ஆதாரம் கிடையாது. பிடிபட்டிருந்தால் இன்று சான்றிதழ் இருக்கும். மூன்று வாய் குடித்துத் தப்பித்தது உங்கள் தப்பாகிவிட்டது.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். கூடப் போராடிச் சிறைக்குப் போனவர் யாராவது எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம். அந்த விறகுத் தொட்டிக் கூட்டத்தில் அப்போது உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர். பெயர் வேண்டாம், நீங்கள் அண்ணே என்றுதான் சொல்வீர்கள். நான் ஐயா என்றே எழுதுகிறேன். அரியாங்குப்பத்தில் மகனோடு இருந்தார். ஆட்டோவில் உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். இருப்பதில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டியிருந்தீர்கள்.

“வாம்மா, வாம்மா. எத்தினி வருஷம் ஆச்சு!” என்று எழுந்தே நின்றார் ஐயா. காபி வந்தது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். “இவங்கதான்டா எங்களுக்கு அப்ப கஞ்சி கொண்டாருவாங்க. இவங்க கஞ்சி இல்லன்னா நாங்க பட்டினிதான்.”

“கஞ்சி இல்லண்ணே. பசை” என்றீர்கள்.

“எனுக்கு ஞாபகம் கஞ்சிதாம்மா.”

“தூக்குல கொண்டாருவேன். சொவுத்துல ஒட்டுனீங்களே அண்ணே, மறந்துட்டீங்களா?”

“ஒட்டுனோம். பசைய நாங்களே பண்ணிக்குவோம். நீ கஞ்சிதாம்மா கொண்டாந்த.” ஒவ்வொரு தடவையும் புன்னகையோடு, பிடிவாதமாக, கஞ்சி, கஞ்சி. மகன் தாளும் பேனாவும் கொண்டுவந்தார். ‘போராட்ட வீரர்களுக்கு உணவளித்து உதவினார்’ என்று அவர் வாயால் சொல்ல, மகன் எழுத ஆரம்பித்தார்.

“எழுதாதீங்க தம்பி. நான் யாருக்கும் சோறு போடல” என்று நீங்கள் எழுந்துவிட்டீர்கள். காபியை முழுதாகக் குடிக்கவும் இல்லை.

நான் உங்கள் கையைப் பிடித்து, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கிசுகிசுத்தேன். நீங்கள் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் கத்த ஆரம்பித்தேன். ஆற்றுப்பாலம் வரைக்கும் கத்தினேன். “உணவுன்னு எழுதுனா இன்னா, பசைன்னு எழுதுனா இன்னா? நாற்காலி வேணுமா வேணாமா? ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன் நான்!”

“உணவுன்னு எழுதிட்டா, அன்னிக்கி நான் குடிச்சது இன்னாடா?” என்று கேட்டீர்கள்.

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். “நீங்க குடிச்சதுக்கு எவன் சாட்சி?”

ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது, “போயி சாப்புடு, நேரமாச்சு” என்றீர்கள். அந்தப் பேச்சை அதோடு இருவரும் எடுக்கவில்லை. விண்ணப்பத்தை நான் கொடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில், நானே அதற்கு முந்தின வாரம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட மானிட்டரில், உங்கள் கோடு நேராகப் போனது. மன்னிப்பு கேட்க எட்டு மாதம் இருந்தது எனக்கு. தினமும் உங்கள் வாசலைத் தாண்டித்தான் வண்டியை எடுத்தேன். கேட்கவில்லை.

இந்த வருஷம் எங்கள் பகுதிக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட ஹாலில் விடுதலை நாள் கண்காட்சி வைத்தார்கள். பெண்கள் படம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று என்னிடம் வந்தார்கள். உங்கள் படத்தைக் கொடுத்து, பசை, மயில்துத்தம், மூன்று வாய் என்று நாலே வரியில் நடந்ததை எழுதியும் கொடுத்தேன். நேற்றுப் போய்ப் பார்த்தால் என் நாலு வரி இல்லை. அன்னமிட்ட தாய்! “ஐயாகிட்ட கேட்டுத்தான் தம்பி மாத்துனோம். நேர்ல பாத்தவர் சொன்னா அப்பீல் ஏது?” என்றார் குழுக்காரர். அப்போதுதான் பிய்த்தேன். உங்கள் படத்தையும் கழற்றிக்கொண்டேன்.

ஐயா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சால்வை, மாலை, மடியில் நினைவுப் பரிசு. தொண்ணூறு வயதுக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, உங்கள் படத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

“ஐயா, தூக்குல இருந்தது கஞ்சியா, பசையா?”

“அப்பாவுக்குக் காது கேக்காது” என்றார் மகன்.

காது கேட்கிறவர்தான். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பவும் கேட்டேன், இன்னும் சத்தமாக. மேடையில் யாரோ மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“கதவு தொறக்க வேண்டியவன் நான்தான். கதவுப் பலகை சந்துல பாத்துக்கினு இருந்தேன். நான் வெளிய வந்து என்னுதுன்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு குடிச்சிருக்காது. மூணாவது வாய்க்கு நிமுந்து என்னப் பாத்துச்சு. நான் தாப்பாளப் போட்டுட்டேன்.”

எனக்கு இரக்கம் வர வேண்டும், இல்லையா? வரவில்லை. எழுபது வருஷமாக அவர் ஏன் அதைக் கஞ்சி கஞ்சி என்று சாதித்தார் என்பது மட்டும் அந்த நிமிஷத்தில் சுத்தமாகப் புரிந்தது. அது கஞ்சியாக இருந்துவிட்டால், நின்று பார்த்ததில் தப்பே இல்லை. யாரோ ஒரு பெண் கஞ்சி குடித்தாள், அவ்வளவுதான்.

“இதை எழுதித் தாங்க. நான் எழுதுறேன், கையெழுத்து மட்டும் போடுங்க” என்று பேனாவை நீட்டினேன். அவர் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். “போதும் தம்பி, கெளம்புங்க” என்று மகன் என் தோளைப் பிடித்து எழுப்பினார். வந்துவிட்டேன்.

நேற்றிலிருந்து ஒரே கேள்விதான் குடைகிறது, பெரியம்மா. எவன் சாட்சி என்று நான் கத்தியபோது உங்களுக்குப் பதில் தெரிந்திருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் காபியைத்தான் குடித்துவிட்டு வந்திருந்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே திரும்பிப் போய் அவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஏன் விட்டீர்கள்? அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களா? இதைப் பெருந்தன்மை என்று மெச்ச என்னால் முடியாது. உங்கள்மேலும் எனக்குக் கோபம்தான்.

உங்களைப்போல வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். மத்தியானம் ஆஸ்பத்திரி கேன்டீனில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னேன். கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். நாற்காலியை என்னால் வாங்கித்தர முடியவில்லை. ஆனால் இனி யாராவது என் முன்னால் ஒரு பெண்ணைக் காட்டி, இவங்க கூடமாட உதவியா இருந்தாங்க என்று சொன்னால், இன்னா உதவி, சரியாகச் சொல்லுங்க என்று கேட்காமல் விடப்போவதில்லை.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். எவன் சாட்சி என்று கேட்டதும், ஆற்றின் பக்கம் திரும்புவதற்கு முன்னால், நீங்கள் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். அது என்ன பார்வை என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது தெரியும். உங்கள் வாழ்க்கையில் அப்படிப் பார்க்கப்பட்ட இரண்டாவது ஆள் நான்.